பீலி நீரும் பிரதேச சபையும்

மாணிக்கக் குழியிலிருந்து இறைத்த சேற்றுநீர் ஓடையிற் கலந்தால் ஓப்பநாயக்கவில் அன்று மாலைக்குள் பேச்செழுந்துவிடும். குளிக்கப் போனவர் நிறத்தைக் கண்டே வந்து சொல்லிவிடுவர். தேயிலை மலைக்கு இட்ட உரம் மழையிற் கரைந்து அதே ஓடையிற் சேரும்போதோ பேசுவார் ஒருவருமில்லை. அந்நீர் தெளிந்தே இருக்கும், மணமில்லை, சுவையும் வேறுபடாது. கண்ணுக்குப் புலனாகாத இக்கேட்டைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதையே ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

உரம் என்னுஞ் சொல்லுக்கு வலிமை என்பதும் பொருள். மண்ணுக்கு வலிமை தருவதை உரம் என்பது பொருத்தமே. அவ்வலிமை நீருள் இறங்கினால் அங்குள்ள பாசிக்கும் கிட்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யூரியாவிலுள்ள நைதரசன் மண்ணின் நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. அது மண்துகளிற் பற்றி நில்லாது நீரோடு கீழிறங்கும். பொசுபரசோ மண்ணைப் பற்றிக்கொண்டு, மண் அரிக்கப்படும்போது உடன்செல்லும். சரிவான மலையில் மழைநீருக்கு வழி, தேயிலை நிரைகளுக்கிடையே வெட்டிய கான். கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து பீலி. லயத்துப் பெண்கள் குடம் வைப்பது அந்தப் பீலியில்தான். மேட்டு லயத்து மலசலகூடக் குழி கசிந்தால் அதுவும் பணிய லயத்தை நோக்கியே வரும். தேங்கிய நீரை அடைந்தால் பாசி தழைத்து, பின் மடிந்து அழுகி, நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உண்டுவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டார் இதனை நன்கறிவர். அங்கே சுண்ணக்கற் பாறையினூடே நீர் விரைந்து இறங்குவதால், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரமும், வீட்டு மலக்குழிகளின் கசிவும் கிணற்றைச் சென்றடைகின்றன. நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பல இவ்வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளை முன்னிட்டே அவ்வரம்பு வகுக்கப்பட்டது. பால்மாக் கரைக்கும் நீரில் நைத்திரேற்று மிகுந்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றிக் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். ஆசிரிய நண்பர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொதித்தாறிய நீரைப் பருகுக என்று நாம் கற்பிக்கும் பாடம் கிருமிக்குப் பொருந்தும், நைத்திரேற்றுக்குப் பொருந்தாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

உள்ளூராட்சி மன்றத்தால் இதிற் செய்யக்கூடியது யாது? அமெரிக்க நாட்டிலிருந்து இரண்டு வரலாறுகளைச் சொல்கிறேன். சியாற்றில் நகரத்தையடுத்த வாஷிங்டன் ஏரி, கழிவுநீரின் பொசுபரசினாற் பாசி படர்ந்து கெட்டது. 1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்த வாக்கெடுப்பிற் சுற்றுவட்டார மக்கள் கூட்டு அமைப்பை ஏற்கவில்லை; செப்ரெம்பரில் மீண்டும் கேட்டபோது ஏற்றனர். 1968இல் கழிவுநீர் முழுவதும் ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. 1964இல் 30 அங்குல ஆழம்வரையே தெளிவாயிருந்த நீர், 1968இல் 10 அடிவரை தெளிந்தது. அயோவா மாநிலத்து டி மொயின் நகரின் கதை வேறு. அந்நகர நீர்வழங்கற் சபை, தன் ஆற்றுக்கு மேலேயுள்ள மூன்று கவுண்டிகளின் வடிகால் மாவட்டங்கள்மீது 2015இல் வழக்குத் தொடுத்தது. வயல்களின் நைத்திரேற்றை அகற்றும் செலவை நகரத்தார் ஏன் சுமக்க வேண்டும் என்பதே கேள்வி. 2017இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அவ்வடிகால் மாவட்டங்களுக்குக் குறையைத் தீர்க்கும் அதிகாரமே இல்லை என்றது நீதிமன்றம்.

தோட்டப்புறத்தார்க்கு இத்தீர்ப்பு பழகிய குரலாக ஒலிக்கும். ஓடை தோன்றும் மலை ஒருவர் கையில்; அது பாயும் ஊரைக் காக்கும் கடமை இன்னொருவர் தலையில். 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளர்க்கு வாக்குரிமை இல்லாமற் போயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்த பின்னரும் அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களிற் சபைநிதி செலவாவதற்குத் தடையாய் நின்றது. வாக்கு உண்டு, உறுப்பினர் உண்டு, ஒரு குழாய் போடப் பணமில்லை! 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே மாதத்தில் தேர்தல் நடைபெறும்வரை, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினரின்றியே அவை இயங்கின. ஆகவே கிடைத்த உரிமையைப் பயன்படுத்தச் சபைகளுக்கு வாய்த்த காலமும் சொற்பம்.

நிதித்தடை நீங்கியதுடன் யாவும் முடிந்தனவென்று எண்ணலாகாது. சிறு தொழிலகங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பகிரப்பட்டுள்ளது. மலையில் உரம் தூவுவதற்கு அத்தகைய உரிமம் வேண்டியதில்லை. அதற்காக உரத்தையே ஒழித்துவிட வேண்டுமென்பாருடன் நான் உடன்படேன். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்த ஆணை அவ்வாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. தேயிலையும் நெல்லும் பட்ட பாட்டை நாடறியும். பெருமழைக்கு முன்னாள் உரமிடாதிருத்தல், ஓடையின் இருகரையிலும் உரம் படாத புற்பட்டி விடுதல், பீலிக்கு மேற்புறத்தில் மலக்குழி தோண்டாதிருத்தல் ஆகியவற்றுக்கு இறக்குமதித் தடை தேவையில்லை. துரைமாரும் சபையும் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதும். ஆனால் எந்தப் பீலியில் எவ்வளவு நைத்திரேற்று உண்டு என்ற கணக்குக் கையில் இல்லாதவரை அம்மேசையிற் பேச ஒன்றுமிராது.

வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில் தோட்டத்து உறுப்பினர்கள் தெருவிளக்கும் கொங்கிறீற்றுப் பாதையும் கேட்பர், கேட்கட்டும். அதனோடு, உரமிடும் காலத்துக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் பீலி நீரைப் பரிசோதிக்க ஒரு சிறு தொகையும் கேட்பாராயின், போத்தல்களுடன் மாதிரி எடுத்துவர என் மேல்வகுப்பு மாணவரை அனுப்ப நான் சித்தமாயிருக்கிறேன்.