பலகையும் பேரேடும்

கணிப்பொறி பயிலும் நம் மன்றத்து நண்பர்களிடையே ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. தளம் சற்றே மெதுவாக நடந்தால் போதும், "ரெடிஸைச் சேர்த்துவிடு" என்கிறார்கள். காய்ச்சல் என்றதும் ஊசி கேட்கும் நோயாளியின் பேச்சு இது. நான் இதை ஏற்கவில்லை.

விவரங்களை அட்டவணைகளில் அழியாமல் காப்பது மைசீக்குவல், போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களின் வேலை. அடிக்கடி கேட்கப்படும் விடைகளை நினைவகத்தில் நகலாக வைத்து நொடியில் நீட்டுவது ரெடிஸின் வேலை. முன்னது பேரேடு, பின்னது கடை வாசலில் தொங்கும் பலகை. பேரேடு மாறியபின் பலகையை அழிப்பவன் யார்? இணைப்பு வேலையில் கடினமானது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் நாலு வரி நிரல்.

மைசீக்குவல்கூடத் தன்னுள் ஒரு விடைச் சேமிப்பை வைத்திருந்தது. அட்டவணையில் ஒரு வரி மாறினாலும் அதைச் சார்ந்த விடைகள் அத்தனையையும் அது தூக்கியெறியும். வேகத்துக்காக வந்ததே நெரிசலுக்குக் காரணமாயிற்று. 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில் அதை நீக்கியேவிட்டார்கள்.

ஆகவே முதலில் எக்ஸ்பிளெயின் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். தேடும் பத்திக்கு இண்டெக்ஸ் இல்லாததுதான் பல நேரங்களில் நோய். அதன்பிறகும் தேவையானால் ரெடிஸை இணையுங்கள். வேண்டாம் என்பவனல்ல நான். எழுதும்போது அட்டவணையில் முதலில் எழுதி, அது உறுதியானபின் நகலை அழித்துவிட வேண்டும். நகலையே திருத்தினால் என்ன என்பீர்கள். இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், முந்தியவரின் மதிப்பு பிந்தி வந்து நகலில் உட்கார்ந்துவிடும். அழிப்பதை இருமுறை செய்தாலும் கெடுதியில்லை. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையிலும் அழிப்பதையே தேர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

அழித்தாலும் ஓர் ஓட்டை உண்டு. பழைய மதிப்பைப் படித்துக்கொண்டிருந்த ஒருவன், நாம் அழித்தபின் அதை நகலில் வைத்துவிடலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு நகலுக்கும் ஆயுள் குறிப்பது. அறுபது நொடி என்றால், அந்தப் பொய்யும் அறுபது நொடியில் சாகும்.

அறுபது நொடிப் பொய்தானே என்று சிரிக்க வேண்டாம். மதுரையில் இருக்கும் ஒரு மாணவனுக்கு, விடுதியில் ஓர் அறை காலியென்று பலகை காட்டுகிறது. பணம் கட்டிவிட்டு, இரண்டு இரவு இரயிலில் கழித்துத் தில்லிக்கு வந்திறங்குகிறான். அவ்வறை முன்பே வேறொருவர் பெயரில் ஏறிவிட்டது என்று அவனிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? நானும் அந்த இரயிலில் வந்தவன்தான். அறை ஒதுக்கீடு, கட்டணம், உதவித்தொகை இவற்றின் முடிவு அட்டவணையிலேயே, ஒரே பரிவர்த்தனைக்குள் நடந்தாக வேண்டும்.

நம் பொங்கல் விழாவின் இருக்கைப் பதிவை எழுதப்போகும் தோழர்கள் நிகழ்ச்சி நிரலை ரெடிஸில் வைக்கட்டும். ஆயிரம் பேர் பார்ப்பார்கள், அடிக்கடி மாறாது. மீதமுள்ள இருக்கை எண்ணிக்கையைப் பேரேட்டிலேயே கேட்கட்டும். அரை நொடி தாமதமானால் நான் காத்திருக்கிறேன்.