அடுக்களையில் தொடங்கட்டும் வேதியியல்

அறிவியலைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்னும் வினா நூறாண்டுக்கு மேலாக நம் காதுகளைக் குடைந்து வருகின்றது. இயலும் என்பதற்குச் சான்றுகள் அன்றே உள. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை நிலைநாட்டிய அதே 1916-ஆம் ஆண்டில், அறிவியற் சொல்லாக்கத்துக்கென்றே சேலத்தில் இராசாசி முதலியோர் கழகமொன்று நிறுவினர். நம் கொள்கைக்குப் பலவகையில் மாறுபட்டு நின்றவரே அவர். எனினும் வேதியியலைத் திண்ணைப் பேச்சுப்போல் எளிமையாக்கித் தமிழில் நூலெழுதியவரும் அவரே என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இத்துணைச் சான்றுகள் இருந்தும் அவ்வினா ஏன் இன்னும் ஓயவில்லை? ஆட்சியாளரையும் ஆங்கிலப் பித்தரையும் குறைகூறி முடித்துவிடலாம். அக்குறையில் உண்மையும் உண்டு. தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-இல் வந்தது. ஆனால் 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தமிழ் ஒரு பாடமாக ஒடுங்கிற்று. அறிவுக்கு வாயிலாக இருக்கும் உரிமையை இழந்து வருகின்றது. எனினும் நம் பங்குக் குறையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் சொற்களைப் படைத்தோம். அச்சொற்கள் குறிக்கும் பொருள்களைக் குழந்தைகளின் கையிற் கொடுத்தோமா? பொருளைத் தொடாத குழந்தைக்கு 'உயிரகம்' என்பதும் 'ஆக்சிசன்' என்பதும் ஒன்றே. இரண்டும் தேர்வுக்கு உருப்போட வேண்டிய ஒலிகளே.

வேதியியல் கற்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்பார் பலர். ஒவ்வொரு தமிழ்க்குடியின் அடுக்களையிலும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கின்றதே! குழம்புக்கறை பட்ட வெள்ளைச் சட்டைக்குத் துணி வழலை போட்டவுடன் மஞ்சட்கறை செக்கச் சிவந்து போவதைக் காணாத தாய் உண்டா? அலசியபின் அது மீண்டும் மஞ்சளாவதையும் அவள் அறிவாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர் சிவந்திருப்பதை ஆலம் சுற்றும் ஒவ்வொரு திருமணத்திலும் காண்கின்றோம். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் உவர்ப்பொருளோடு கூடினாற் சிவக்கும். புளிப்புப் பொருளைச் சேர்த்தால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் நீரில் தோய்த்துக் காயவைத்த தாளை மாணாக்கரிடம் கொடுத்து, சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டும் அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டும் விடச் சொல்லுங்கள். புளிப்பும் உவர்ப்பும் ஒன்றையொன்று அடக்கும் என்பதை அக்குழந்தை எந்நாளும் மறவாது. செம்பருத்தி இதழ்ச்சாறும் சங்குப்பூச்சாறும் இவ்வாறே புளிப்பில் ஒரு நிறமும் உவர்ப்பில் வேறொரு நிறமும் காட்டும்.

அடுத்துச் சுண்ணாம்பைப் பாருங்கள். கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுட்டால் அதிலுள்ள கரிவளி நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் தெளித்தால் அது வெந்து பொங்கி நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல ஏற்று, கிளிஞ்சலாக இருந்தபோது எப்பொருளோ அப்பொருளாகவே மீண்டும் இறுகும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் உறுதிக்கு இவ்விறுக்கமும் ஒரு கரணியம். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரிற் கரைத்துத் தெளிய வைத்து, பப்பாளி இலைக்காம்பின் வழியே அத்தெளிவில் மூச்சை ஊதச் சொன்னால், தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். உறிஞ்சாமல் ஊத மட்டும் வேண்டும் என்பதை முன்னரே சொல்லிவிடல் வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றிக் காட்டுவதானால், ஆசிரியர் தாமே எட்ட நின்று செய்க; குழந்தையின் கண்ணிற் பட்டால் பார்வையே போய்விடும்.

'சுடுதல்', 'நீற்றுதல்', 'இறுகுதல்' என்னும் இம்மூன்று வினைச்சொற்களும் மூன்று வேதியியல் மாற்றங்களைக் குறிப்பன. எந்தக் குழுவும் கூடி இவற்றைப் படைக்கவில்லை. காளவாய்த் தொழிலாளரும் கொத்தனாரும் நாள்தோறும் வழங்கிய சொற்கள் இவை. கலைச்சொல்லாக்குவோர் அகரமுதலிகளைப் புரட்டுமுன் இத்தகைய தொழிலாளரைக் கேட்டால் நம் மொழிக்கு எவ்வளவு ஆக்கம் விளையும்!

வெள்ளீயம், காரீயம் என்று நம் முன்னோர் இரு மாழைகளை அடைமொழியாற் பிரித்து வழங்கினர். நாமோ அடைமொழியை உதிர்த்துவிட்டு இரண்டையும் 'ஈயம்' என்கிறோம். பித்தளைக் கலத்துக்குப் பூசுவது வெள்ளீயம். புளிக்கரைசல் செம்பையும் பித்தளையையும் கரைத்து உணவிற் சேர்த்துவிடாமல் அது காக்கின்றது. காரீயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் கொடிய நஞ்சு. ஒரு சொல்லின் அடைமொழி உதிர்ந்தால் உணவுக்கும் நஞ்சுக்கும் இடைப்பட்ட வேலி உதிர்கின்றது. சொற்றூய்மை வீண்வேலை என்று நம்மை எள்ளுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

இதனினும் பெரிய இடர் ஒன்று இன்று வீடுதோறும் குடிபுகுந்துள்ளது. கழிப்பறை கழுவும் புளிமக் குப்பியும் வெளுப்புத் தூளும் ஒரே மூலையில் அருகருகே இருக்கின்றன. 'இரண்டையும் கலந்தால் நன்றாக வெளுக்கும்' என்று எண்ணிக் கலப்பவர் உளர். கலந்தால் எழுவது குளோரின் என்னும் நச்சுவளி. 1915 ஏப்பிரலில் பெல்சிய நாட்டு ஈப்பர் நகரருகே செருமானியப் படை பகைவர்மீது ஏவிய அதே வளி அது! அக்குப்பிகளின்மேல் பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைத் தமிழ்த்தாய் எவ்வாறு படிப்பாள்? இவ்வறிவு தாய்மொழியில் இல்லாத இடத்தில் மூச்சுத் திணறி விழுபவள் நம் தாயோ தங்கையோதான். தமிழில் வேதியியல் வேண்டும் என்னும் நம் கோரிக்கை உயிரைக் காக்கும் கோரிக்கையும் ஆகும்.

'தமிழிற் கற்றால் மேற்படிப்புக்கு உதவுமா?' என்பர். வேதியியற் குறியீடுகளும் வாய்பாடுகளும் உலகப் பொதுவானவை. அவற்றை எழுதும் செருமானியர் தம் குழந்தைக்கு நீரகத்தைத் 'தண்ணீர்ப்பொருள்' என்று பொருள்படும் தம் சொல்லாலும், கரிமத்தைக் 'கரிப்பொருள்' என்று பொருள்படும் தம் சொல்லாலுமே அறிமுகம் செய்கின்றனர். அதனால் அவர்தம் வேதியியல் தாழ்ந்துவிட்டதா? உயிரகத்துக்கு அவர் இட்ட பெயர் 'புளிப்புப் பொருள்' என்று பொருள்படும். புளிமங்கள் அனைத்திலும் அது உண்டு என்று பிரெஞ்சு அறிஞர் இலவாசியே பிறழக் கருதியதால் வந்த பெயர் அது. 'ஆக்சிசன்' என்பதும் அப்பிழையின் வழிவந்ததே. நம் 'உயிரகம்' அப்பிழையைச் சுமக்கவில்லை.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். ஒருவர் 'உயிரகம்' என்பார். ஒருவர் 'உயிர்வளி' என்பார். ஒருவர் 'காடி' என்பார். ஒருவர் 'புளிமம்' என்பார். பாடநூல் 'அமிலம்' என்னும். ஈழத்துப் பாடநூல் 'ஒட்சிசன்' என்று எழுதும். ஒவ்வொன்றுக்கும் கரணியம் காட்டி நாம் மலர்தோறும் மடல் எழுதிக்கொண்டிருக்கையில், குழந்தை ஆங்கிலச் சொல்லைப் பற்றிக்கொண்டு போய்விடுகின்றது. எச்சொல் சிறந்தது என்னும் வழக்கை அறிஞர் அவையில் நடத்துவோம்; வகுப்பறையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே ஒலிக்கட்டும்.

சிவகளையிற் கிடைத்த இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டினது என்று தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் அறிவித்தபோது நாமெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தோம். நிமிரத்தக்கதே. ஆயின் அவ்விரும்பை உருக்கியவர் மரபில் வந்த சிறுவனுக்கு, ஆணி ஏன் துருப்பிடிக்கின்றது என்று தெரியுமா? மூன்று கண்ணாடிக் குப்பிகள் எடுங்கள். ஒன்றில் ஈரமற்ற காற்றும், ஒன்றில் கொதித்தாறி மேலே எண்ணெய் படர்ந்த நீரும், ஒன்றில் திறந்த நீருமாக வைத்து ஒவ்வோர் ஆணி இடுங்கள். காற்றும் நீரும் கூடிய மூன்றாவது குப்பியில் மட்டும் சில நாள்களில் துரு ஏறும். முன்னோர் அறிவுக்கு உண்மையான வழிபாடு இத்தகைய ஆய்வே.

ஆகவே தமிழாசிரியப் பெருமக்களே, 'அறிவியல் எம் பாடமன்று' என்று ஒதுங்காதீர். புளியும் உப்பும் மஞ்சளும் சுண்ணாம்பும் துருவும் களிம்பும் நம் சொற்களே. கிழமைக்கு ஒரு பாடவேளையை அறிவியல் ஆசிரியரோடு பகிர்ந்து கொள்ளுங்கள். அவர் மாற்றத்தைக் காட்டட்டும், நீங்கள் அதன் தமிழ்ப்பெயரை வழங்குங்கள். பெற்றோரே, ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் பிள்ளையாயினும் ஞாயிறுதோறும் அடுக்களைக்கு அழைத்து ஒரு பொருளின் இயல்பைத் தமிழிற் கேட்டுத் தமிழில் விடைசொல்லச் செய்யுங்கள். இதற்கு அரசாணை வேண்டா, நன்கொடை வேண்டா, ஒரு பிடி மஞ்சளும் ஒரு கிளிஞ்சல் சுண்ணாம்பும் போதும்.