ஸ்டீயரிங் முனகுதா பாஸ்?

நாலு பேர் சேர்ந்து பெட்ரோல் போட்டு, பழைய காரில் இடையஞ்சாவடியிலிருந்து இ.சி.ஆர். பிடித்து மரக்காணம் உப்பளம் வரை ரவுண்டு அடிக்கிற கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்!

பவர் ஸ்டீயரிங் திடீர்னு கனமானா, 'ரேக் போச்சு'ன்னு பர்ஸைத் திறக்காதீங்க. முதலில் முன் டயர்களில் காற்று இருக்கான்னு பாருங்க. அடுத்து பானட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் அளவு. அது தானா தீராது. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

திருப்பும்போது முனகினா, ஆயில் குறைவு அல்லது உள்ளே காற்று. 'கீச்'னு கத்தினா பெல்ட் நழுவுது. இதெல்லாம் சரியா இருந்தும் கனமா இருந்தால்தான் பம்ப், ரேக் மேல சந்தேகம். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்னா ஆயிலே கிடையாது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியுதான்னு பாருங்க.

கடலோரத்தில் இன்னொரு வில்லன், உப்புக்காற்று! ஆயில் போகிற இரும்புக் குழாயைத் துரு தின்றால் ஒரே நாளில் ஆயில் காலி. அப்பவும் சக்கரம் திரும்பும். ஆனா கை பலம் முழுசும் வேணும். வளைவில், எதிரே பஸ் வரும்போது அது தெரிய வரக்கூடாது.

கிளம்பும் முன் அஞ்சே நிமிஷம். பானட்டைத் திறங்க பாஸ்!