இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர்

தேஹு ரோடு வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர்களின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்காது. கேட்டில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். என் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. ரிடையர் ஆன பிறகும் வாசற்படி தாண்டும்போது பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் புனேவுக்கும் லோனாவ்லாவுக்கும் நடுவே இந்தக் கிடங்குகள் எழுந்தன. அவற்றை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

எங்கோ போர் மூண்டது என்று செய்தி வந்தால், இங்கே டீக்கடைப் பேச்சு கடைசியில் ஓவர்டைமில் வந்து நிற்கும். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நானும் படித்தேன். ஆனால் வல்லரசுகள் ஒரு நாட்டைக் கூறுபோட்டு அதன் மண்ணில் மோதிக்கொள்ளும்போது இந்தியா அங்கே எதைக் கொண்டுபோக வேண்டும் என்ற கேள்வியும் எங்களுக்கு உண்டு. கொரியாவில் நாம் ஒருமுறை அதற்குப் பதில் சொல்லியிருக்கிறோம்.

1945 ஆகஸ்டில் வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு இளம் கர்னல்கள் நள்ளிரவில் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, அரை மணி நேரத்துக்குள் 38-ஆவது அட்சரேகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜப்பானியர் சரணடைவதை வடக்கே சோவியத்தும் தெற்கே அமெரிக்காவும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஏற்பாடு. கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அந்தக் கோடு இரண்டு அரசுகளாக இறுகியது. பழியை வல்லரசுகள் மீது மட்டும் போட்டுவிட முடியாது. தெற்கைத் தாக்க ஸ்டாலினிடம் போய் அனுமதி கேட்டு வாங்கியவர் வடக்கின் தலைவர் கிம் இல் சுங். படை கொண்டு வடக்கே போக வேண்டும் என்று தெற்கே முழங்கிக்கொண்டிருந்தவர் சிங்மன் ரீ. 1950 ஜூன் 25 அன்று வடக்குப் படை கோட்டைத் தாண்டியது.

அந்த அக்டோபரில், பெய்ஜிங்கில் நம் தூதராக இருந்த கே.எம். பணிக்கரை நள்ளிரவில் சீனப் பிரதமர் சௌ என்லாய் வரவழைத்தார். தெற்குக்குத் துணையாக இறங்கியிருந்த அமெரிக்கப் படை 38-ஆவது கோட்டைக் கடந்து வடக்கே வந்தால் சீனா போரில் இறங்கும் என்றார். டெல்லி வழியாக அந்த எச்சரிக்கை வாஷிங்டனுக்குப் போனது. பணிக்கர் சீனர்களின் ஆள் என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்கள். படை வடக்கே போனது, சீனா இறங்கியது, அதன்பின் போர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. நடுவில் நிற்பவன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இந்த ஒரு நள்ளிரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

போருக்கு நேரு சண்டையிடும் படையை அனுப்பவில்லை. 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அனுப்பினார். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த ‘ஏ’ ஆர்க்காடு. 1950 டிசம்பரில் பியோங்யாங்கைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது, மருத்துவக் கருவிகளை ஏற்றிப் போக இவர்களுக்கு வண்டியில்லை. அவற்றை விட்டுவிட்டு ஓட ரங்கராஜ் ஒப்பவில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்ஜினைத் தேடிப் பிடித்தார்கள். சிப்பாய்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றி அதன் வயிற்றில் தண்ணீர் நிரப்பினார்கள். அவர்களிலேயே எஞ்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குள் ரயில் ஆற்றைத் தாண்டியது. மூன்று மாதம் கழித்து, 1951 மார்ச்சில், அமெரிக்கப் பாராசூட் படையோடு முன்சான்-நியில் ரங்கராஜும் சில இந்தியர்களும் குதித்தார்கள். மகாவீர் சக்கரம் பெற்ற இந்த மனிதரைத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சமரசப் பேச்சு வருடத்துக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றது கைதிகள் விஷயத்தில். ஊர் திரும்ப மறுக்கும் கைதியை வலுக்கட்டாயமாக அனுப்பலாமா? வி.கே. கிருஷ்ண மேனன் ஐ.நா.வில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்; சோவியத் தரப்பு அவரைத் தாளித்தது. ஆனாலும் 1953 ஜூலை 27 அன்று போர் நின்றபோது, ஏறத்தாழ அவர் காட்டிய வழியில்தான் நின்றது. திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகள் இந்தியாவின் பொறுப்பில் வந்தார்கள். அவர்களின் விஷயத்தைக் கவனிக்க அமைத்த ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். காவல் படைக்கு எங்கள் மராட்டியத்தைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் தோரட். இந்தியச் சிப்பாய் தென்கொரிய மண்ணை மிதிக்கக் கூடாது என்று சிங்மன் ரீ அடம்பிடித்தார். அதனால் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் நேரே படைநீக்கப் பகுதிக்குப் போனார்கள். கைதிகள் ஓர் இந்திய மேஜரைப் பிடித்துவைத்தபோது தோரட் ஆயுதமில்லாமல் முகாமுக்குள் நடந்துபோய், பேசி மீட்டு வந்தார்.

அந்த ஆயிரக்கணக்கானோரில் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றார்கள். அவர்களைத் தன்னோடு அழைத்துவந்தது இந்தியப் படை. 1954 பிப்ரவரியில் ‘அஸ்டூரியாஸ்’ கப்பல் அவர்களை மெட்ராஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. பலர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். கொரிய எழுத்தாளர் சொய் இன்-ஹூன் 1960-இல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகன் இப்படி மூன்றாவது நாட்டைத் தேர்ந்தெடுத்தவன்தான். அவன் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மாய்கிறான். நிஜத்தில் வந்தவர்களுக்கோ கரை இருந்தது. அது நம் கரை என்பதில் எனக்கு நிறைந்த பெருமை.

 

இப்போது நிலைமை வேறு. 2021-இல் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் முனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. எங்கள் ஊர்த் தொழிற்சாலையும் அதில் அடக்கம். ஏற்றுமதிதான் பேச்சாக இருக்கிறது. இந்தியக் குண்டுகள் ஐரோப்பிய நாடுகள் வழியாக உக்ரைனுக்குப் போவதாக 2024-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. வெறும் ஊகம், திசைதிருப்பும் செய்தி என்று வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. மறுப்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வாங்குகிற நாடு அதை யாருக்குக் கைமாற்றுகிறது என்று கண்காணிக்கும் ஏற்பாடு என்ன, மீறினால் என்ன நடவடிக்கை என்பதை நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் நம்பியதால்தான் 1953-இல் கைதிகளை நம்மிடம் ஒப்படைத்தார்கள். ஒரு பக்கத்துப் பீரங்கியில் நம் முத்திரை இருந்தால் அடுத்த முறை அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்தப் பதிலை டெல்லி எனக்குத் தர வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து இரவு ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோடு போகிறவர்களுக்குத் தரட்டும்.