காற்றுக்கும் அளவான வழி வேண்டும்

சித்திரை பிறந்துவிட்டால் சந்திரகிரியில் பேச்செல்லாம் வெயிலைப் பற்றித்தான். திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தவணைக்கு ஏர்கூலர் வாங்குகின்றன. சற்று வசதியுள்ளவர்கள் ஏ.சி. பொருத்துகிறார்கள். அப்படியும் புழுக்கம் தீரவில்லை, மின்கட்டணம்தான் ஏறுகிறது என்ற புலம்பல் ஓயவில்லை. குறை பல வீடுகளில் இயந்திரத்தில் இல்லை; காற்று வந்து போகும் வழியில் இருக்கிறது.

சந்திரகிரிக் கோட்டையில் விஜயநகர அரசர்கள் கட்டிய ராஜமகால் இன்றும் நிற்கிறது. மரம் சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டு எழுப்பிய மூன்றடுக்கு மாளிகை அது. தடித்த சுவர் வெயிலின் சூட்டை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. அகன்ற வளைவுகள் காற்றைத் தாராளமாக உள்ளே விடுகின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் காற்றுக்கு எவ்வளவு வழி வேண்டும் என்பதை அறிந்து கட்டியிருக்கிறார்கள்.

இன்று வாடகைக்கு விடும் போர்ஷன்களில் நிலைமை வேறு. ஒரே வீட்டை மூன்றாகத் தடுத்து, ஓர் அறைக்கு ஒற்றைச் சன்னல் வைத்து, அதையும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதிகளில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் சன்னல் வேண்டும் என்கிறது. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் குறைந்தது 12 சதுர அடிச் சன்னல் வேண்டும். 2 அடிக்கு 2 அடிச் சன்னல் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

ஏர்கூலர் வெளிக்காற்றை நீரில் நனைத்து உள்ளே தள்ளும் கருவி. தள்ளிய காற்று வெளியேற எதிர்ப்புறம் வழி இல்லாவிட்டால் ஈரம் அறையிலேயே தங்கிப் புழுக்கம் கூடுகிறது. கதவு சன்னலைச் சாத்திவிட்டுக் கூலரை ஓட்டுவோர் காசு கொடுத்து வியர்வை வாங்குகிறார்கள்.

திருமண மண்டபங்களிலும் மருத்துவமனைகளிலும், இப்போது சில புதிய வீடுகளிலும், தகரக் குழாய் வழியே குளிர்காற்று அனுப்புகிறார்கள். இதை டக்ட் என்பார்கள். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் இதே ஏற்பாடுதான். இதில் தகரத்தை மிச்சம் பிடிப்பது பெரிய மோசம். 12 அங்குல விட்டமுள்ள குழாய் வேண்டிய இடத்தில் 9 அங்குலக் குழாய் போட்டால் குறைவது கால் பங்கு என்று தோன்றும்; உண்மையில் காற்று போகும் பரப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. விசிறி திணறுகிறது, இரைச்சல் எழுகிறது, கடைசி அறைக்குக் குளிர்ச்சி எட்டுவதில்லை. காற்றோட்டம் மிகவும் குறைந்தால் இயந்திரத்தின் குளிர்ச்சுருளில் பனி கட்டிக்கொள்ளும், பழுதும் வரும். பெரிய இயந்திரம் வாங்குவது இதற்கு மருந்தாகாது. குழாய் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் காற்று வேகம் இழந்து சோர்ந்துவிடும், தகரமும் வீண். அறையின் பரப்பு, வெயில் படும் சுவர், புழங்கும் ஆட்கள் இவற்றைக் கணக்கிட்டே குழாயின் அளவை முடிவு செய்ய வேண்டும். காற்று இயந்திரத்துக்குத் திரும்பும் வழியும் அதே கணக்கில் அடங்கியது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் குடித்தனக்காரர்கள், காற்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு எதிர்ச் சுவர்களில் திறப்பு உள்ள வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கிடைக்காவிட்டால், நாலைந்து குடித்தனக்காரர்கள் சேர்ந்து போய், எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு வைத்துத் தரும்படி வீட்டுக்காரரைக் கேட்கலாம். சொந்த வீடு கட்டுவோர் டக்ட் போடும் ஒப்பந்தக்காரரிடம் அளவுக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பகலெல்லாம் உழைத்து வந்தவனுக்கு இரவில் நல்ல தூக்கம் ஆடம்பரம் அல்ல. ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோருக்கும் கைக்குழந்தைக்கும் அறையின் வெப்பம் உடல்நலத்தைப் பொறுத்த விஷயம். வீடு கட்டி வாடகைக்கு விடுவோர் சுவருக்குச் செலவிடும் அக்கறையில் சிறிதைத் திறப்புக்கும் காட்டினால், குடியிருப்போரின் மாதச் சம்பளத்தில் மின்கட்டணம் தின்னும் பங்கு குறையும்.