டிக்கி பெரிது, விலை குறைவு… பழைய எஸ்டேட் காரை வாங்கலாமா?

ஓசூர் – ராயக்கோட்டை சாலையில் உள்ள உத்தனப்பள்ளி, தக்காளிக்கும் பூ விவசாயத்துக்கும் பெயர்போன பகுதி. பக்கத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு ஷிஃப்ட் பஸ்களும் இங்கே ஓடுகின்றன. இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் காரில் ஆளும் போக வேண்டும், பொருளும் ஏற வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் பின்னால் தாராளமாக இடம் இருக்கும் எஸ்டேட் கார் அதற்குத் தோதானதுதான்.

ஆனால், இந்த வகை கார் நம் நாட்டில் பெரிதாக விற்கவே இல்லை. டாடா எஸ்டேட் 1992-ல் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, 2004-ல் டாடா இண்டிகோ மெரினா என்று வந்தவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஆகவே இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 15 வயதைத் தாண்டியவை.

கிலோமீட்டர் மட்டும் போதாது

மீட்டரில் 1,80,000 என்று பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. 15 வருட காருக்கு அது வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர்தான், இயல்பான ஓட்டம். அதே வயது கார் 60,000 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பெடல் ரப்பர் தேய்ந்து, ஸ்டீயரிங் வழவழத்து, டிரைவர் சீட் அமுங்கிப் போயிருந்தால் மீட்டர் சொல்வது பொய்யாக இருக்கலாம். சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி ஒப்பிட வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெண்மையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அது பெரிய செலவு.

எஸ்டேட் காரில் பின்பக்கம்தான் அதிக பாரம் சுமந்திருக்கும். சமதளத்தில் நிறுத்தி, பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கினால் துருவும் பழைய சேறும் தெரிந்துவிடும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். மண் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று விசாரிக்க வேண்டும். டயரில் உள்ள நான்கு இலக்கமும் முக்கியம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது.

அடுத்து உதிரி பாகம். மெரினாவின் என்ஜின் சாமான்கள் பலவும் இண்டிகோவுக்கும் பொது என்பதால் கேட்டால் கிடைக்கும். பின் கதவுக் கண்ணாடி, பின் விளக்கு போல எஸ்டேட்டுக்கு மட்டுமே உரியவை உடைந்தால் அலைய வேண்டும். அவை முழுசாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

கே.ஏ. நம்பர் என்றால்

எல்லை ஊரில் இதுதான் பலர் சறுக்கும் இடம். கர்நாடக வண்டியை வாங்கினால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. பெற்று, இங்கே வரி கட்டி, பெயரையும் நம்பரையும் மாற்ற வேண்டும். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், கடனை அடைத்து அதை நீக்கிய பிறகே பணம் தர வேண்டும். எம்-பரிவாஹன் ஆப்பில் ஆர்.சி., இன்சூரன்ஸ், பழைய அபராதம் எல்லாவற்றையும் சரிபார்க்கலாம்.

15 வயது கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் இருந்து கட்டணம் 5,000 ரூபாய். 20 வயதைக் கடந்திருந்தால் 2025 ஆகஸ்டில் இருந்து 10,000 ரூபாய். தகுதிச் சோதனையும் பசுமை வரியும் தனி. புதுப்பித்தாலும் ஐந்து வருடத்துக்குத்தான்.

விலை எவ்வளவு?

விற்பவர் சொல்வது பாதி விலைதான். அதோடு டயர், பேட்டரி, கிளட்ச், வரி, இன்சூரன்ஸ், புதுப்பிப்பு ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும். ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றி வாடகை வாங்கலாம் என்ற கணக்கு வேண்டாம். வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டிரைவர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் புதிய கார்களில் கட்டாயமானது 2019-ல்தான். அதற்கு வெகு முன்னால் வந்த கார்கள் பலவற்றில் இரண்டுமே இருக்காது. தினமும் கனரக லாரிகளுக்கு நடுவே பெங்களூரு நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. தோட்டத்துக்கும் சந்தைக்கும் உள்ளூரில் ஓட்டவென்றால், துரு இல்லாத, காகிதம் சரியாக உள்ள எஸ்டேட் கார் இன்னும் சில வருடம் உழைக்கும்.

நம்பிக்கையான மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தைத் தராதீர்கள். "இன்னிக்கே முடிச்சிடலாம், நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த வண்டி அந்தப் பார்ட்டிக்கே போகட்டும்.