பூட்டைத் திறந்து மக்களிடம் கொடு!



சர்க்கார் கட்டடம் ஒன்று காலியானால் அதன் கதி என்ன? முதலில் வாசலில் ஒரு பூட்டு. பிறகு உள்ளே புறாவும் பாம்பும். கடைசியில் ஒருநாள், "கட்டடம் பழுதடைந்து விட்டது, பொதுமக்களுக்கு ஆபத்து" என்று ஓர் அறிக்கை. அதன் பின்னாலேயே இடிக்கும் இயந்திரம். கூரை ஒழுகியபோது நாலு ஓடு மாற்ற மனமில்லாதவர்கள், சுவர் சாய்ந்த பிறகு நம் உயிருக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள்!

அந்தக் கட்டடத்தை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் அதைச் சமூக நிலையமாக்கிக் கொள்கிறோம் என்று கேட்டால் மட்டும் ஆயிரம் சட்டம் பேசுகிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்குப் பட்டணத்துக் கட்டடங்களைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். தோட்டம் எங்கே போயிற்று, தோழர்களே? கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பாட்டன் பால் வெட்டிய நிரைகள் இன்று நெடுஞ்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆகிவிட்டன. அங்கிருந்து கிளப்பப்பட்டவர்கள் அடுக்குமாடிகளில் அடைபட்டிருக்கிறார்கள். லயத்து வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கோயில் வாசல் இருந்தது, பந்தாடத் திடல் இருந்தது, பள்ளிக்கூடத் தாழ்வாரம் இருந்தது. அடுக்குமாடியில் என்ன இருக்கிறது? வீட்டில் ஒருவர் இறந்தால் உடலைக் கிடத்த இடமில்லாமல் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போடுகிறோம்! மழை பெய்தால் அந்தத் துக்கத்துக்கும் குடை பிடிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் சூட்டவும், பெண்ணுக்குச் சடங்கு செய்யவும் மண்டபத்துக்காரனிடம் மாதச் சம்பளத்தை எண்ணி வைக்கிறோம்.

தோட்டத்தில் இருந்தவரை, வீட்டோடு சமூக வசதிகளையும் முதலாளி செய்து தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. முதலாளி நிலத்தை விற்றுவிட்டுப் போனதும் அந்தக் கடமை யார் தலையில் விழுகிறது? யார் தலையிலும் இல்லையாம்! காற்றில் போயிற்றாம்!

கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பது இன்று நேற்று முளைத்த கோரிக்கையல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் கொதித்தெழுந்தபோது, ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு என்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கூட்டம் கூடவும் பேசவும் உரிமை வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள். பதில் என்ன வந்தது? மே மாதம் நாதனைப் பிடித்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. சிலாங்கூரில் அவசர நிலை. தோழர்கள் ஐவர் குண்டுக்குப் பலியானார்கள். கள்ளுக்கு ஒரு கூரை போடத் தெரிந்த துரைமார்களுக்கு, நாலு பேர் கூடிப் பேச ஒரு கூரை போடத் தெரியவில்லை!

துரை போனான். கூரை வந்ததா?

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். செங்கல் சூளையால் பெயர் பெற்ற ஊர். ரயில்வேத் தொழிலாளியின் வியர்வையால் வளர்ந்த ஊர். ரயில் பெட்டிகள் கோத்த பெரிய முற்றம் 2001இல் கேஎல் சென்ட்ரல் ஆயிற்று. அதைச் சுற்றிக் கோபுரம் கோபுரமாக எழும்பிவிட்டது. 2010இல் பிரதமர்கள் இருவர் வந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்தார்கள். வளைவு வந்தது, நீரூற்று வந்தது. நீரூற்று அழகுதான், யார் இல்லையென்றார்கள்? அதனடியில் உட்கார வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

பழைய கட்டடத்தைத் திருத்துவது ஆகாத காரியம் என்பது பச்சைப் பொய். கோலாலம்பூர் மத்திய சந்தையை 1980களில் இடிக்கத்தான் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, 1986இல் அது கைவினைச் சந்தையாகத் திறந்தது, இன்றும் நிற்கிறது. செந்தூலில் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் நாடக அரங்காயிற்று. நல்ல அரங்கு, வாழட்டும். ஆனால் செந்தூல் பட்டறையில் இரும்படித்தவன் பேரன் அங்கே நுழைய டிக்கெட் வாங்க வேண்டும். கிள்ளானில் 1857இல் எழுந்த ராஜா அப்துல்லா கிடங்கு போலீஸ் நிலையமாயிற்று, பிறகு ஈய அருங்காட்சியகமாயிற்று, பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. புடு சிறையோ? 1895இல் கட்டியது, 1996இல் காலியாயிற்று, 2010இல் மதிலைத் தகர்த்தார்கள். அங்கே இன்று பேரங்காடி. ஆக, மனமிருந்தால் சுவர் நிற்கும். லாபமிருந்தால் சுவர் விழும். எதற்கு என்பதையும் யாருக்கு என்பதையும் நம்மைக் கேட்காமலே முடிவு செய்கிறார்கள். சண்டை அதிலேதான்.

"உங்களுக்கு நிர்வாகம் தெரியுமா? திறந்துவிட்டால் குடிகாரர் மடமாகிவிடும்" என்று குளிர்சாதன அறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. ஐயா, துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கியவன் பால்மரத் தொழிலாளி! தோட்டம் வாங்கியவனுக்கு ஒரு மண்டபத்தின் சாவியை வைத்துக்கொள்ளத் தெரியாதா? குடிகாரர் பேச்சுக்கும் ஒரு பதில்: பூட்டிய கட்டடத்தின் பின்புறத்தில்தான் பாட்டில்கள் குவிகின்றன. விளக்கெரிந்து பிள்ளைகள் படிக்கும் கட்டடத்தில் அல்ல.

கனடாவில் வான்கூவர் என்றொரு துறைமுகப் பட்டணம். மரம் வெட்டியும் கப்பலில் உழைத்தும் ஓய்ந்த முதியவர்கள் ஒற்றை அறைகளில் அடைந்து கிடந்த ஏழைப் பேட்டை ஒன்று அங்கே உண்டு. அதன் முனையில் 1903இல் கட்டிய நூலகக் கட்டடம். நூலகம் 1957இல் வேறிடம் போயிற்று; பிறகு அருங்காட்சியகமும் போயிற்று; கட்டடம் பாழாய்க் கிடந்தது. 1973இல் அந்தப் பேட்டை மக்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். நகர மன்றத்தை நிம்மதியாக உட்கார விடவில்லை. 1980 ஜனவரியில் அதே கட்டடம் சமூக நிலையமாகத் திறந்தது. படிப்பறையும் சமையலறையும் கொண்டு இன்றும் நடக்கிறது. அவர்கள் என்ன கோடீசுவரர்களா?

இங்கேயும் நடக்காததல்ல. 1904இல் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்தை ஒட்டி 2014இல் அடுக்குமாடி கட்டத் திட்டம் வந்தபோது மக்கள் குரல் கொடுத்தார்கள். கட்டடம் மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறும் தகுதியில்லாத சாதாரணக் கட்டடங்களுக்காகத்தான் இப்போது கேட்கிறோம். பழைய கிளார்க்கு வீடு, மூடிய மருந்தகம், பிள்ளையில்லாமல் பூட்டிய பள்ளி: இவையே நமக்குப் போதும்.

மாநகர் மன்றமும் மாநில அரசும் காலியாகக் கிடக்கும் பொதுக் கட்டடங்களின் பட்டியலை வெளியிட வேண்டும். எந்தக் கட்டடம், எந்தத் தேதியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, ஏன் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பட்டியலில் உள்ள எதையும் அந்த வட்டாரக் குடியிருப்பாளரைக் கூட்டிக் கேட்காமல் விற்கவோ இடிக்கவோ கூடாது. பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கத்துக்குப் பெயரளவு வாடகையில், குறைந்தது பத்தாண்டுக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். ஓராண்டுக் குத்தகையை நம்பி எவன் கூரை மாற்றுவான்? நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வாசலில் எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம்.

கிளைத் தலைவர்களே! அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். உங்கள் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எது, எந்தத் தெருவில், எத்தனை வருடமாக என்று எழுதியனுப்புங்கள். அவர்கள் பட்டியல் போடாவிட்டால், நாம் போடுவோம்.